மூன்றுக்கு வரவேண்டிய பொறி

என் கணவருக்குப் பேச்சு போனது ஒரு திங்கட்கிழமை காலையில். தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தார். ஒரு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த ஸ்பெனர் நழுவி விழுந்திருக்கிறது. கூட நின்றவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுபடி விழுந்திருக்கிறது. மூன்றாம் முறை கொடுக்கும்போதுதான் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். தோட்டத்து லொறியிலேயே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

நான் ஹாலிஎலையிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கதவு," என்றார்.

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. "கதவச் சாத்தணுமாங்க?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி முயற்சி செய்தார். மறுபடியும் "கதவு" என்றுதான் வந்தது. தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு அவரே திகைத்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"அவருக்கு எல்லாம் விளங்குது," என்று டாக்டரம்மா சொன்னார். "நினைக்கிறதும் சரியாத்தான் நினைக்கிறாரு. சொல்லப் போற வார்த்தைதான் வழி தவறிப் போகுது. பழக்கினா கொஞ்சம் கொஞ்சமா வரும். நீங்க விட்டுறக் கூடாது."

வலது கையும் அரைவாசி போயிருந்தது. தூக்க முடியும், பிடிக்க முடியாது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. இருவரும் வீட்டுக்கு வந்தோம்.

முதலில் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் சொன்னபடியெல்லாம் செய்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது, நாள்களின் பெயர் சொல்வது. எண்ணுவது மட்டும் தட்டுத் தடங்கலில்லாமல் வந்தது. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் கதவு, வெற்றிலை வேண்டுமென்றால் கதவு, கோபம் வந்தாலும் கதவு. பார்க்க வந்தவர்கள் குழந்தையிடம் பேசுவதுபோல அவரிடம் சத்தமாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் தட்டில் வைத்துக் கொடுத்த ரொட்டியை இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்தார். கையைப் பிடித்துப் பயிற்சி செய்யப் போனால் இழுத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போய்த் தையலுக்கு நூல்கட்டை வாங்கி வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. வீட்டைச் சுற்றி ஓடினேன். ரோட்டுக்கு ஓடினேன். அப்போது பக்கத்து வீட்டுப் பெண், தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவள், அவரைக் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தாள். அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, ரயில் பாதையில குந்திக்கிட்டு இருந்தாருக்கா. வளைவு தாண்டி. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. கையப் புடிச்சி இழுத்துக்கிட்டு வந்தேன்."

"களைச்சுப் போயி ஒக்காந்திருப்பாரு," என்றேன்.

அவள் என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள்.

நான் அவர் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். "எதுக்குங்க அங்க போனீங்க? நடக்கப் போனீங்களா? சும்மா ஒக்காந்தீங்களா?" என்னையே பார்த்தார். உதடு நடுங்கியது. சொல்லத்தான் பார்த்தார். "கதவு," என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார். அன்று அவர் மனதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தையல்தான் எங்களுக்கு மிச்சமிருந்த வருமானம். கல்யாணத்துக்கு முன்னே பதுளையில் ஒரு கார்மென்டில் வேலை செய்தவள் நான். மெஷினைத் தூக்கி வாசலைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். அவர் எழுந்தால் தெரியவேண்டும். துணியைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத் தைத்ததில் பள்ளிக்கூடச் சட்டைகளின் கழுத்துப்பட்டை ஒன்றொன்றும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. பிரித்துத் தைத்தேன். மறுபடி பிரித்தேன். தூக்கத்திலும் காது வாசலில் இருந்தது. இப்படியே எத்தனை நாளைக்கு ஒரு மனிதனைக் கண்ணால் கட்டி வைக்க முடியும்? நானும் உடைந்துபோய்க்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டில் உண்டு. விறகெடுக்கப் போனபோது அங்கே சாக்கு மூடியிருந்த அந்தச் சாமான் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் செய்துகொண்டிருந்த எஞ்சின்.

பெரிய தேங்காய் அளவுதான் இருக்கும். அதற்குள் உண்மையான எஞ்சினில் உள்ள எல்லாம் உண்டு. பித்தளைத் துண்டைக் கடைந்து சிலிண்டர் செய்திருந்தார். உடைந்த கப்பியிலிருந்து கனத்த சக்கரம். பெட்ரோல் ஊற்றுவதற்குத் தைலப் போத்தலின் மூடி அளவில் ஒரு டாங்கி. பொறி கொடுக்கும் கொயிலை மட்டும் யாரோ கழித்துப் போட்ட மோட்டர் சைக்கிளிலிருந்து எடுத்திருந்தார். "இது மாவரைக்குமா, தண்ணி எறைக்குமா?" என்று அப்போது நான் கேலி செய்வேன். "ஓடும்," என்பார். அவ்வளவுதான் பதில். வருத்தம் வந்து விழுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, இனி ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இதை ஓட வைத்தால் அவர் எழுந்துவிடுவார். நியாயமில்லாத எண்ணம்தான். ஆனால் கோயிலில் நேர்த்தி வைத்தாயிற்று, ஆஸ்பத்திரிக்கு அலைந்தாயிற்று, கெஞ்சியாயிற்று. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் எனக்கு மிச்சமில்லை.

துடைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனைப் பெட்ரோல் வாங்கி வரச் சொல்லக் கூச்சப்பட்டு, நானே ஒரு போத்தலோடு ஆட்டோக்காரரிடம் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கினேன். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். சுற்றியது, நின்றது. இழுத்தேன். சுற்றியது, நின்றது. கை தோல் உரியும்வரை இழுத்தேன். வீட்டுக்குள் அவருக்குச் சத்தம் கேட்டிருக்கும். வெளியே வரவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினைச் சாமான் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பதுளை டவுனில் என் கணவரின் பழைய கூட்டாளி ஒருவர் ஆட்டோவும் மோட்டர் சைக்கிளும் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். பையைத் திறந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"அடேயப்பா. இத அவரு கையாலயே செஞ்சாரா?"

"ஓட வைக்கணும் அண்ணே. எப்படியாவது."

பிளக்கைக் கழற்றி, வயரோடு சேர்த்து எஞ்சின் மேலேயே படுக்க வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். பிளக் நுனியில் பொறி வரவில்லை. "முதல்ல இத வர வைப்போம்," என்றார். பொறியை விட்டு விட்டுத் தருவதற்கு ஒரு சின்ன சோடி உலோக நாக்கு இருந்தது, பொயின்ட் என்றார். அதில் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. மணல் கடதாசியால் தேய்த்தார். மங்கலாக மஞ்சள் பொறி வந்தது. "இது பத்தாது. அமுக்கத்துக்குள்ள போனா அணைஞ்சிரும்." பக்கத்திலிருந்த கண்டென்சர் என்ற சின்ன உருளையைக் கழற்றி வேறொன்று மாட்டினார். இந்த முறை டிக்கென்று சத்தத்தோடு நீலமாகப் பொறி விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிளக்கை மாட்டிக் கயிற்றை இழுத்தார். ஓடவில்லை. மறுபடி இழுத்தார். பெட்ரோல் உள்ளே போகும் வாயிலிருந்து புஸ்ஸென்று கொஞ்சம் புகை வெளியே வந்தது. பொறி வரும் நேரத்தை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். அதே புஸ். வேறு பிளக் போட்டார். அதே புஸ். வெளியே இரண்டு ஆட்டோக்கள் காத்து நின்றன.

"நேரத்துலதான் எங்கயோ பிழை இருக்கு தங்கச்சி," என்றார் கடைசியில். "வாங்கின எஞ்சின்னா எங்க அடையாளம் போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். இது அவரு மனசுல வச்சி செஞ்சது. நான் கழட்டினா திருப்பி மாட்ட முடியாது. அவருகிட்டயே கேளு."

"அவரால சொல்ல முடியாது அண்ணே."

பையை அவரே பஸ் வரைக்கும் தூக்கி வந்து தந்தார்.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. தைக்க வேண்டியவை கிடக்க, கொட்டிலில் போய் இழுத்தேன். பிளக்கைக் கழற்றினேன், ஈரமாக இருந்தது, துடைத்தேன், அடுப்புச் சாம்பலில் காய வைத்தேன், மாட்டினேன், இழுத்தேன். கொயிலோடு இருந்த சின்னப் பேட்டரி இறங்கிவிட்டதோ என்று மாற்றினேன். வயரை மாற்றினேன். புஸ். புஸ். ஒரு முறை என் புருவம்கூடக் கருகியது.

ஒரு பின்னேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கொட்டில் வாசலில் நின்றார். பேசினால் போய்விடுவாரோ என்று பயம். இழுத்தேன். அவர் உள்ளே வந்து சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார். இடது கையை நீட்டி, சக்கரத்துக்கு மறுபக்கம் பல்சக்கரம் இருக்கும் இடத்தைக் காட்டினார்.

"எண்ணெய் விடணுமா?"

"கதவு."

எண்ணெய் விட்டேன். தலையை வேகமாக ஆட்டினார். மறுபடி காட்டினார். துணியால் துடைத்தேன். இல்லை. அந்தப் பல்சக்கரத்தின் தண்டில் விரல் மோதிரம் போல ஒரு வளையம் இருந்தது. அதில் அரிசி அளவு திருகு. அவர் தானே திருகு கழற்றும் ஒரு சின்னச் சாவியை எடுத்து அந்தத் திருகில் வைக்கப் பார்த்தார். அதற்கு வளையத்தை ஒரு கையால் பிடித்து மறு கையால் திருப்ப வேண்டும். வலது கை வளையத்தின் மேல் போய் வழுக்கி வழுக்கி விழுந்தது. நான் பதறிவிட்டேன். கராஜ்காரர் கழற்றக் கூடாது என்றாரே.

"வேணாங்க, கழட்டாதீங்க, அப்புறம் யாரு மாட்டுறது?" என்று சாவியைப் பிடுங்கினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை. மேசையிலிருந்த குறட்டை எடுத்துச் சுவரில் எறிந்தார். எண்ணெய்த் தகரத்தை எறிந்தார். எஞ்சினையும் தள்ளிவிடப் போனார். நான் அதன் மேல் விழுந்து கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இவ்வளவு நாளும் வாய்க்குள் வைத்திருந்தது எல்லாம் வந்துவிட்டது.

"என்னதாங்க வேணும் ஒங்களுக்கு? செத்துப்போகவா அங்க போயி குந்துனீங்க? நான் என்ன பண்ணுவேன்னு நெனச்சீங்களா? எனக்கு இந்த எழவு பிடிச்ச எஞ்சினப் பத்தி என்ன தெரியும்? நீங்க எந்திரிப்பீங்கன்னுதானே இதக் கட்டிக்கிட்டு அழுவுறேன்!"

மழை தகரத்தில் கொட்டியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் சாக்குக் கட்டிலிருந்து இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையில் கை வைத்தார். அந்த விளங்காத கையைத்தான் வைத்தார், பாரமாக இருந்தது. இருவரும் அழுதோம். ஆறுதலாக அழவில்லை. இனி எதுவும் நடக்காது என்று தெரிந்தவர்கள் அழுவதுபோல அழுதோம்.

மறுநாள் காலையில் பால் இல்லாத தேத்தண்ணியோடு அவரைத் தேடினேன். கட்டிலில் இல்லை. கோப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடப் போனவள் கொட்டிலில் குரல் கேட்டு நின்றேன்.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு."

ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த எண்ணும் பயிற்சி. அதுவே பெரிய விஷயம் என்று எட்டிப் பார்த்தேன். பிளக்கை எப்படியோ ஒரு கையால் கழற்றி, கராஜ்காரர் வைத்ததுபோல எஞ்சின் மேல் படுக்க வைத்திருந்தார். இடது கையால் சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அரைச் சுற்றுக்கு ஒரு எண். என்னைக் கண்டதும் கண்ணால் கூப்பிட்டார்.

"ஒன்னு," என்றார். பிஸ்டன் இறங்கியது. பெட்ரோல் வரும் பக்கத்து வால்வு, சின்னக் கதவு போன்றது, திறந்தது. "ரெண்டு." பிஸ்டன் ஏறியது. எல்லாம் மூடியிருந்தது. "மூணு," என்று சொல்லி நிறுத்தினார். பிளக்கைக் காட்டினார். அங்கே ஒன்றுமில்லை. மேசையில் உள்ளங்கையால் அடித்தார். "மூணு!" பிறகு திருப்பினார். "நாலு." புகை போகும் பக்கம் திறந்தது. மறுபடி "ஒன்னு" என்று வாயெடுக்கும்போது டிக்கென்று நீலப் பொறி விழுந்தது.

இன்னொரு முறை செய்தார். பொறி ஒன்றுக்கு வந்தது. அவர் மூன்றில் அடித்தார்.

எனக்குச் சட்டென்று கார்மென்டில் இருந்த மெஷின் ஞாபகம் வந்தது. அதில் மேலே ஊசி ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள் கீழே நூல் பிடிக்கும் கொக்கி இரண்டு முறை சுற்றும். ஒரு சுற்றில்தான் நூலைப் பிடிக்கும். மற்றச் சுற்று சும்மா போகும். இந்த எஞ்சினுக்கும் இரண்டு சுற்று. ஒன்று வேலைச் சுற்று, ஒன்று சும்மாச் சுற்று. பொறி சும்மாச் சுற்றில் விழுந்துகொண்டிருந்தது. வெடிக்க வேண்டிய காற்று உள்ளே அமுங்கி நிற்கும்போது பொறி இல்லை. கதவு திறந்து கிடக்கும்போது பொறி வந்து என்ன பிரயோசனம்? தான் திருத்தும் வண்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி வரும் என்று கராஜ்காரர் பிற்பாடு சொன்னார். அதனால் எந்தச் சுற்று என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை.

"சுத்து மாறிப் போச்சா?" என்றேன். "பொயின்டத் தட்டுற இந்த வளையத்தக் கழட்டி அரைச் சுத்து திருப்பணும். அதத்தானே காட்டுனீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலை மட்டும் ஆடியது, ஆமாம் ஆமாம் ஆமாம் என்று. ஓட்டிப் பார்க்கும் நாளில் சரியாக வைக்கலாம் என்று அந்த வளையத்தைச் சும்மா மாட்டி வைத்திருந்திருக்கிறார். அந்த நாள் வருவதற்குள் வருத்தம் வந்துவிட்டது.

நேற்றுப் பிடுங்கிய சாவியை எடுத்தேன். அவர் இடது கையால் வளையத்தைப் பிடித்தார். நான் திருகைத் தளர்த்தினேன். இரண்டு பேருடைய கை சேர்ந்து ஒரு ஆளுடைய கையாயிற்று. அவர் வளையத்தை அரைச் சுற்றுத் திருப்பி, சக்கரத்தை அசைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, இன்னும் ஒரு துளி நகர்த்தி, என் கையைத் தட்டினார். இறுக்கினேன். எண்ணினார். "ஒன்னு, ரெண்டு," என்று சொல்லி மூன்று என்பதற்குச் சற்று முன்னால் டிக்.

பிளக்கை மாட்டினேன். பெட்ரோல் விட்டேன். கயிற்றைச் சுற்றினேன். இதிலும் ஓடாவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டேதான் இழுத்தேன்.

ஓடவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் அவர் காற்று உள்ளே போகும் துவாரத்தை விரலால் பாதி மூடிக்கொண்டு, இழு என்று தலையால் காட்டினார். இழுத்தேன். டப் என்று ஒரு வெடி. கயிறு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை. டப், டப், பிறகு நிற்காமல் படபடவென்று பிடித்துக்கொண்டது. மேசையில் ஆணி அடிக்காமல் வைத்திருந்ததால் எஞ்சின் தானாகவே நகர்ந்து விளிம்புக்குப் போனது. நான் அலறினேன். அவர் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தார். வலது கையும் கூடவே நீண்டது, பிடிக்கவில்லை, ஆனால் முட்டுக் கொடுத்தது. சூட்டில் விரல் சுட்டிருக்கும். விடவில்லை. கொட்டில் முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுப் பெண் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து வாசலில் நின்றாள். "ஐயோ அக்கா, என்ன இது, நெருப்பா?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். கோணல் வாயோடு, எச்சில் ஒழுக, சத்தமாகச் சிரித்தார்.

அன்றோடு எல்லாம் நல்லதாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அதற்குப் பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்த நாள்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் அவருடைய மனசுக்கென்று ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள், மாத்திரை கொடுத்தார்கள். ரயில் பாதையைப் பற்றியும் நான் சொன்னேன். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார் அந்த டாக்டர், திட்டாமல். சொற்கள் ஒன்றிரண்டு திரும்பி வந்திருக்கின்றன. "இந்தா" வருகிறது, "சூடு" வருகிறது, "போதும்" வருகிறது. என் பெயர் இன்னும் வரவில்லை. ரயில் சத்தம் கேட்டால் இப்போதும் நான் தையலை நிறுத்திவிட்டு அவர் எங்கே என்று பார்க்கிறேன்.

எஞ்சின் ஓடிய மறுநாளே அதை முழுவதுமாகக் கழற்றிவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இவ்வளவு பாடுபட்டு ஓட வைத்ததை! பிஸ்டனில் ஏதோ உரசல் அவருக்குப் பிடிக்கவில்லை. கழற்றியதைத் துணியில் பரப்பிவிட்டு, பித்தளைச் சிலிண்டரைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் அகற்றிக் காட்டி, டவுன் பக்கம் கையை நீட்டினார். பித்தளைத் துண்டு வேண்டுமாம். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். கையில் வாங்கிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், என் மடியில் திரும்பப் போட்டார். விரல்களை முன்னைவிட ஒரு நெல் அகலம் கூடுதலாக விரித்துக் காட்டினார்.

அந்த அளவுக்கு ஒரு நூலை அறுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனேன்.